மிதக்கும் கயிறு தேடி: பென்னலூரிலிருந்து சேரப்பணஞ்சேரி வரை

கடந்த ஞாயிற்றுக்கிழமை பென்னலூரில் உள்ள என் வீட்டிலிருந்து சேரப்பணஞ்சேரிக்குக் காரில் சென்று வந்தேன். ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் வழியாக நேராகப் போனால் இருபத்தைந்து கிலோமீட்டருக்குள் முடிந்துவிடும் பயணம் இது. நான் போனது ஏறத்தாழ ஐம்பது. பாதிக்குப் பாதி சுற்று. அந்தச் சுற்றுக்குக் காரணம் ஒரு கயிறு. படகின் பின்னால் மனிதரை இழுத்துச் செல்லும் நீர் விளையாட்டுக்கு எந்தக் கயிறு பொருத்தமானது என்பதைத் தமிழில் எவரும் ஒழுங்காக எழுதியதாகத் தெரியவில்லை. ஆகவே எழுதுகிறேன்.

முதலில் போகுமிடத்தைப் பற்றி. சேரப்பணஞ்சேரியில் என் சகலை தணிகைவேலுக்கு, அதாவது என் மைத்துனியின் கணவருக்கு, ஒரு நீர்நிலை இருக்கிறது. ஏரி என்றுதான் எல்லோரும் சொல்கிறார்கள். உண்மையில் அது ஒரு பள்ளம். ஒரகடத்தில் தொழிற்சாலைகள் எழும்பத் தொடங்கியபோது தாழ்வான மனைகளை மேடாக்க மண் தேவைப்பட்டது. தணிகை தன் பன்னிரண்டு ஏக்கரிலிருந்து லாரி லாரியாக மண் விற்றார். பள்ளத்தில் மழைநீர் தேங்கியது, தங்கியது. இப்போது அதில் ஒரு மோட்டார் படகு ஓடுகிறது. நான் இயந்திரப் பொறியியலில் முதுகலை படித்து, முப்பது ஆண்டுகள் தொழிற்சாலைகளில் நின்று, ஒரு வீடும் ஒரு முதுகுவலியும் சம்பாதித்திருக்கிறேன். மண்ணை அள்ளி விற்ற மனிதருக்கு, அள்ளிய இடத்தில் ஏரி கிடைத்திருக்கிறது. நான் தரக்கட்டுப்பாட்டு மேலாளராகப் பணிபுரியும் தொழிற்சாலையின் தளத்துக்கு அடியில் கிடப்பதும் அவர் விற்ற மண்தான். இதை அவர் ஒவ்வொரு பொங்கலுக்கும் எனக்கு நினைவூட்டுவார்.

ஞாயிறு மட்டும் திறந்திருக்கும். காலை எட்டிலிருந்து ஒன்று வரை, பிறகு இரண்டிலிருந்து ஐந்தரை வரை. காற்றடைத்த டியூபில் அமர்ந்து ஒரு சுற்று வர முந்நூறு ரூபாய், பலகையில் நின்று போக அறுநூறு. லைஃப் ஜாக்கெட் கட்டணத்தில் அடக்கம். பெரும்பாலும் சுற்றுவட்டாரத் தொழிற்சாலை இளைஞர்கள்தான் வருகிறார்கள். கட்டணத்தை வாசகர்களின் வசதிக்காக எழுதுகிறேன். விளம்பரம் செய்யும் எண்ணம் எனக்கு அறவே இல்லை.

என் மகள் யாழினி பொறியியல் மூன்றாம் ஆண்டு படிக்கிறாள். அவளுடைய கைப்பேசியின் முகப்பில் நான்கு மாதங்களாக இருக்கும் படத்தில் ஒரு படகு, அதில் கறுப்புக் கண்ணாடி அணிந்த தணிகை, அவர் தோளில் கைபோட்டுச் சிரிக்கும் அவள். எங்கள் வீட்டில் பேச்சு எங்கே தொடங்கினாலும் "சித்தப்பா சொன்னாரு" என்ற இடத்தில் போய் நிற்கிறது. எனக்குப் பொறாமை. இதை மறைத்துவிட்டு எழுதினால், இந்தக் கட்டுரையில் நான் ஏன் இவ்வளவு தூரம் சுற்றினேன் என்பது உங்களுக்கு விளங்காது.

முந்தின ஞாயிறு அவள் டியூபில் போனதன் வீடியோவை அனுப்பியிருந்தாள். நான் அதை எட்டு முறையாவது பார்த்தேன். "அப்பா நான் சிரிக்கிறத பாத்துக்கிட்டே இருக்காரும்மா" என்று அவள் தன் தாயிடம் பெருமையாகச் சொன்னது என் காதில் விழுந்தது. நான் பார்த்தது கயிற்றை. லாரியில் தார்பாய் கட்டும் கயிறு அது. வெயிலில் வெளுத்து, இழை பிரிந்து, மூன்று இடங்களில் முடிச்சுப் போடப்பட்டிருந்தது. முடிச்சு விழுந்த கயிறு தன் வலிமையில் பெரும்பகுதியை அந்த முடிச்சிலேயே இழந்துவிடும். மூன்று முடிச்சுக்கு அந்தப் பக்கம் என் மகள் தொங்கிக்கொண்டிருந்தாள்.

அன்றிரவே தணிகையை அழைத்தேன். கயிறு அறுந்தால் இழுவிசையில் சாட்டைபோல் திரும்பி வந்து முகத்தில் அடிக்கும் என்று விளக்கினேன். அவர் பொறுமையாகக் கேட்டார்.

"இன்னா சகல, கயித்துக்குப் போயி இவ்ளோ டென்சன் ஆவறீங்க. அறுந்தா முடிச்சு போட்டுக்கினா ஆச்சு."

"அடுத்த வாரம் அவள் பலகையில் நிற்கப் போவதாகச் சொல்கிறாள். நான் கொண்டுவரும் கயிறு இல்லாமல் அவள் தண்ணீரில் இறங்கக் கூடாது."

"சரி சகல. கயிறு உங்களுது, போட்டு நம்புளுது," என்று தன் படகைச் சொல்லிச் சிரித்தார். பக்கத்தில் யாரோ சேர்ந்து சிரித்தார்கள். மொத்த நீர் விளையாட்டிலும் என் பங்கு என்ன என்பது அத்துடன் வகுக்கப்பட்டுவிட்டது.

மனைவியும் மகளும் சனிக்கிழமை மாலையே சேரப்பணஞ்சேரிக்குப் போய்விட்டார்கள். நான் ஞாயிறு காலை ஆறரைக்குத் தனியாகக் கிளம்பினேன். வாரநாட்களில் அந்த நேரத்தில் ஷிப்ட் பேருந்துகள் சாலையை அடைத்துக்கொள்ளும். ஞாயிறன்று பாதிச் சாலை காலி. சுங்குவார்சத்திரத்தை ஏழு மணிக்கு முன்பே அடைந்துவிட்டேன். பேருந்து நிறுத்தத்துக்கு எதிரே பொங்கலும் வடையும் எழுபது ரூபாய். பொங்கலில் மிளகு தாராளம், வடை முந்தின நாளையது.

அங்கிருந்து சற்றுத் தள்ளி, லாரிகளுக்கான தார்பாய், கயிறு, பெல்ட் விற்கும் கடை ஒன்று ஞாயிறும் திறந்திருக்கும். கடைக்காரர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "எவ்ளோ லோடு சார்?" என்றார்.

"ஐம்பத்திரண்டு கிலோ."

"டன்னா?"

"கிலோ. என் மகள்."

அவர் கையிலிருந்த அளவுகோலைக் கீழே வைத்தார். பிறகு, பெண் ஓடிப்போகாமல் இருக்கக் கட்டிவைப்பதென்றால் தன்னிடம் சங்கிலியும் இருக்கிறது என்றார். நான் சிரிக்கவில்லை. விஷயத்தை விளக்கியதும் ஆர்வமாகிவிட்டார். மூன்று வகைக் கயிறுகளை எடுத்துப் போட்டு, ஒவ்வொன்றிலும் முழ நீளத் துண்டை வெட்டித் தந்தார். காசு வாங்கவில்லை.

இனி வாசகர்கள் கவனமாகப் படிக்க வேண்டிய பகுதி. நைலான் கயிறு வலிமையானது, ஆனால் நன்றாக இழுபடும். இழுபடுவது என்றால் ஆற்றலைத் தனக்குள் சேமித்துவைக்கிறது என்று பொருள். அறுந்தாலோ கொக்கி கழன்றாலோ அவ்வளவையும் ஒரே நொடியில் திருப்பித் தரும். நங்கூரத்துக்கு அது நல்லது, மனிதரை இழுக்க ஆகாது. பாலியெஸ்டர் அதிகம் இழுபடாது, வெயிலையும் தாங்கும், ஆனால் நீரில் மூழ்கும். பாலிப்ரொப்பிலீன் இவற்றைவிட வலிமை குறைந்தது, வெயிலில் சீக்கிரம் கெடும், ஆனால் மிதக்கும். நீர் விளையாட்டில் மிதப்பதுதான் முதல் தகுதி. படகு நின்றதும் கயிறு தொய்யும். தொய்ந்த கயிறு மூழ்கினால் அது போய்ச் சேரும் இடம் புரொப்பெல்லர்.

படித்ததை நம்புவது வேறு, கண்ணால் பார்ப்பது வேறு. அடுத்த தேநீர்க் கடையில் ஒரு வாளித் தண்ணீர் கேட்டு, மூன்று துண்டுகளையும் போட்டேன். இரண்டு அடியில் போய்ப் படுத்துக்கொண்டன, ஒன்று மேலே நின்றது. கடைக்காரர் எட்டிப் பார்த்துவிட்டு, "மேல கீறத எடுத்துக்க சார், கீழ கீறதுல டீ போட்டுத் தரேன்" என்றார். தேநீர் பன்னிரண்டு ரூபாய். நன்றாகவே இருந்தது.

தார்பாய்க் கடையில் மிதக்கும் வகை இருந்தது, ஆனால் முறுக்குக் கயிறாக. முறுக்குக் கயிறு இழுக்கும்போது பிரிந்து சுழலும், அதன் முனையில் பலகைக்காரர் பிடித்திருக்கும் கைப்பிடியும் கூடவே சுழலும். பின்னல் கயிறுதான் வேண்டும். அது ஒரகடத்தில் கிடைக்கும் என்று தார்பாய்க் கடைக்காரரே சொன்னார். வந்த வழியே ஸ்ரீபெரும்புதூர் திரும்பி, சிங்கப்பெருமாள்கோயில் சாலையில் ஒரகடம் சென்றேன். மொத்தம் இருபத்தாறு கிலோமீட்டர், நாற்பது நிமிடம்.

ஒரகடம் கூட்டுரோட்டை ஒட்டிய அந்தக் கடை தொழிற்சாலைகளுக்குப் பொருள் தருவது. ஞாயிறு மதியம் வரைதான் இருப்பார்கள். மனிதரை இழுக்க என்றதும் விற்பனையாளர் கிரேனில் பளு தூக்கும் பச்சைப் பட்டையை, அதாவது ஸ்லிங்கைத்தான், முதலில் காட்டினார். எங்கள் பகுதியில் இந்த நிறங்கள் குழந்தைகளுக்கும் தெரியும். ஊதா ஒரு டன் தாங்கும், பச்சை இரண்டு, மஞ்சள் மூன்று. அது பாலியெஸ்டர், மூழ்கும் என்று மறுத்துவிட்டு, உள்ளே வெற்றிடமாகப் பின்னப்பட்ட பன்னிரண்டு மில்லிமீட்டர் மஞ்சள்நிறப் பாலிப்ரொப்பிலீன் கயிற்றை இருபது மீட்டர் வாங்கினேன். எடை போட்டு நானூற்றுப் பத்து ரூபாய் வாங்கினார்கள்.

வெற்றுப் பின்னலின் வசதி என்னவென்றால், முனையை வளைத்துக் கயிற்றின் வயிற்றுக்குள்ளேயே செலுத்தி வளையம் செய்துவிடலாம். முடிச்சே தேவையில்லை. இழுக்க இழுக்கப் பின்னல் இறுகி உள்ளே இருப்பதைப் பிடித்துக்கொள்ளும். காரின் பின்கதவைத் திறந்துவைத்து உட்கார்ந்து, இரு முனைகளிலும் வளையம் செய்தேன். ஒவ்வொரு வளையத்துக்கும் ஒரு முழத்துக்கு மேல் உள்ளே விட்டேன். முடித்தபோது பதினெட்டு மீட்டர் நின்றது. புதிதாகப் பலகையில் நிற்பவருக்கு அதற்குமேல் நீளம் வேண்டாம். பிறகு ஒரு வளையத்தை மின்கம்பத்தில் மாட்டி, மறுமுனையைப் பிடித்து என் முழு எடையோடும் சாய்ந்து பார்த்தேன். சைக்கிளில் போன இருவர் நின்று வேடிக்கை பார்த்தார்கள். கயிறு அசையவில்லை.

ஒரகடத்திலிருந்து வாலாஜாபாத்–வண்டலூர் சாலையில் கிழக்கே ஆறு கிலோமீட்டர் சென்றால் சேரப்பணஞ்சேரி. பத்தரைக்குச் சேர்ந்தேன். கரையில் இருபது பேராவது இருந்தார்கள். யாழினி லைஃப் ஜாக்கெட்டோடு தயாராக நின்றாள். படகின் பின்புறக் கொக்கியிலிருந்து பச்சைப் பசேலென்று ஏதோ தொங்கிக்கொண்டிருந்தது.

மூன்று ஸ்லிங்குகளை ஒன்றின் முனை வளையத்தில் இன்னொன்றை நுழைத்து நீளமாக்கியிருந்தார்கள். வழக்கமாக வரும் ஓர் இளைஞன், ஒரு தொழிற்சாலையில் அசெம்ப்ளி லைனில் வேலை செய்யும் செந்தில், கொண்டுவந்தானாம்.

"வாங்க சகல," என்றார் தணிகை. "நீங்க சொன்னதுல எனக்கும் கொஞ்சம் பயந்தான். பாருங்க, ரெண்டு டன் தாங்கும். நம்ம கொயந்தைக்கு இது போதாதா?"

சுற்றி நின்றவர்கள் எல்லோரும் தொழிற்சாலைக்காரர்கள். பச்சையைப் பார்த்ததும் அவர்களுக்குத் திருப்தி வந்துவிட்டது. நான் ஸ்லிங்குகளை ஒவ்வொன்றாகப் புரட்டிப் பார்த்தேன். மூன்றிலும் அடையாளச் சீட்டு வெட்டப்பட்டிருந்தது. தேய்ந்த ஸ்லிங்கைக் கழிக்கும்போது, யாரும் மறந்தும் அதில் பளு தூக்கிவிடக் கூடாது என்பதற்காகச் சீட்டை வெட்டிவிடுவது வழக்கம். இதைச் செந்திலும் அறிவான், தணிகையும் அறிவார்.

"சீட்டு எங்கே?" என்று கேட்டேன்.

"கிரேனுக்குத்தான் சார் ரிஜெக்ட்," என்றான் செந்தில். "ரெண்டு டன்னுக்கு ஆவாது. ஒரு பொண்ணுக்கு இன்னா சார்?"

இரும்பைத் தூக்கத் தகுதியற்றது என்று கழிக்கப்பட்டதில் என் மகளை இழுக்கலாம் என்று, என் துறையைச் சேர்ந்த இருபது பேர் தலையாட்டினார்கள். நான் குரலை உயர்த்தவில்லை. கோபம் உச்சத்துக்குப் போனால் என் குரல் தாழ்ந்துவிடும். வலிமை ஒருபுறம் இருக்கட்டும், இது மூழ்கும் என்றேன். நம்பவில்லை என்றால், யாரையும் பிடிக்கவிடாமல் வெறும் கைப்பிடியை மட்டும் இழுத்து ஒரு சுற்று வாருங்கள் என்றேன்.

"ஆளில்லாம போட்டு ஓட்டறது எம்மா பெட்ரோலு வேஸ்ட்டு," என்று முணுமுணுத்தபடி தணிகை ஏறினார். "அப்பா, எல்லாரும் பாக்குறாங்கப்பா," என்றாள் யாழினி மெதுவாக.

வேகத்தில் ஸ்லிங் நீரின்மேல் நேராகவே வந்தது. கரையிலிருந்து சிலர் கைதட்டினார்கள். தணிகை எங்களுக்குக் கையசைத்தார். சுற்று முடிந்து வேகத்தைக் குறைத்தபோது பச்சை நிறம் கண்ணிலிருந்து மறைந்தது. கரைக்கு ஒதுக்க அவர் ரிவர்ஸ் போட்டார். எஞ்சின் ஒரு முறை இருமி நின்றுவிட்டது. மூழ்கிய ஸ்லிங் புரொப்பெல்லரைச் சுற்றியிருந்தது.

எஞ்சினைத் தூக்கி, ஸ்லிங்கை வெட்டி எடுக்க முக்கால் மணி நேரம் ஆயிற்று. தணிகை இடுப்பளவு நீரில் நின்று, கத்தியால் அறுத்துக்கொண்டிருந்தார். அந்தக் கத்தி நழுவி அவர் விரலில் லேசாகப் பட்டது. நான் சொன்னதுதான் நடந்தது. அதை ஒருவரும் சொல்லவில்லை. என் மகள் தண்ணீருக்குள் ஓடிப்போய், "ஐயோ, பாவம் சித்தப்பா" என்று அவர் விரலைத் தன் துண்டால் சுற்றினாள். அந்த இடத்தில் நான் நானூற்றுப் பத்து ரூபாய்க் கயிற்றைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன்.

பிறகு என் கயிற்றை மாட்டினோம். நான் இன்னொரு நிபந்தனையும் வைத்தேன். படகில் ஓட்டுபவரைத் தவிர, பின்னோக்கி அமர்ந்து இழுபடுபவரை மட்டுமே பார்த்துக்கொண்டிருக்க ஒருவர் வேண்டும். இதுவரை அங்கே அப்படி யாரும் உட்கார்ந்ததில்லையாம். நானே உட்கார்ந்தேன். யாழினியோடு சைகைகளைப் பேசிவைத்துக்கொண்டேன். கட்டைவிரல் மேலே என்றால் வேகம் கூட்ட வேண்டும், கீழே என்றால் குறைக்க வேண்டும். தலையைத் தட்டினால் கரைக்குத் திரும்ப வேண்டும். கழுத்தின் குறுக்கே கையை வீசினால் எஞ்சினை நிறுத்த வேண்டும். இவை தவிர எக்காரணம் கொண்டும் கைப்பிடியிலிருந்து கையை எடுக்கக் கூடாது.

இரண்டு முறை விழுந்தாள். இரண்டு முறையும் கயிறு என் கண்ணெதிரே மஞ்சள் கோடாக நீரின்மேல் கிடந்தது. மூன்றாம் முறை முழங்கால் மடங்கியிருந்து மெல்ல நிமிர்ந்து, நின்றுவிட்டாள். கட்டைவிரல் மேலே போனது. "வேகம்," என்றேன். தணிகை கூட்டினார். அவர் முன்னால் பார்த்து ஓட்டியாக வேண்டும். அந்தப் பள்ளம் சிறியது, கரை சீக்கிரம் வந்துவிடும், அவரால் பின்னால் திரும்பிப் பார்க்கவே முடியாது.

நான் அவளுடைய முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பயமும் பிடிவாதமும் போய், அவளுக்கே தெரியாத ஒரு முகம் வந்தது. மூன்று வயதில் சைக்கிளின் முன் இருக்கையில் உட்காரவைத்து மேட்டிலிருந்து இறங்கியபோது அந்த முகம் இருந்திருக்கும். அப்போது நான் ஓட்டிக்கொண்டிருந்தேன், பார்க்கவில்லை. கரை நெருங்கும் முன் அவள் என்னை நேராகப் பார்த்து, கைப்பிடியிலிருந்து ஒரு கையை எடுத்து, நன்றாக உயர்த்தி ஆட்டினாள்.

நாங்கள் பேசிக்கொண்ட சைகைகளில் அது இல்லை. ஆகவே அதை நான் ஓட்டுநருக்குத் தெரிவிக்கவில்லை.

கரையில் இறங்கியதும் அவள் முதலில் ஓடிப்போய்க் கட்டிக்கொண்டது சித்தப்பாவைத்தான். நான் கயிற்றை அலசி, சுருட்டினேன். மைத்துனி வீட்டில் மதியம் மீன் குழம்பு. குறை சொல்ல முடியாத மீன் குழம்பு என்பதையும் எழுதிவிடுகிறேன்.

போக நினைப்பவர்களுக்குச் சில வார்த்தைகள். பதினோரு மணிக்கு முன் போய்விடுங்கள், பிறகு வரிசை நீளும். சொந்தக் கயிறு கொண்டுபோவதென்றால் டியூபுக்கும் பலகைக்கும் ஒரே கயிற்றைப் பயன்படுத்தாதீர்கள். டியூபில் இரண்டு பேர் உட்கார்ந்து நீரில் புதைந்தால் இழுவிசை பலமடங்காகும், அதற்குத் தடிமனான கயிறு வேண்டும். மிதக்கும் கயிற்றை வெயிலில் போட்டு வைக்காதீர்கள். தொட்டால் பொடி உதிரத் தொடங்கினால் அதைத் துணி காயப்போட மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். கயிற்றை எப்போதும் கையில் சுற்றிக்கொள்ள வேண்டாம். கழித்துப் போட்ட பொருளை இலவசமாகக் கிடைத்தது என்பதற்காக எடுத்துவராதீர்கள். படகில் பின்னோக்கி அமரும் இடத்துக்கு எங்கும் கட்டணம் கிடையாது. கேட்டு வாங்குங்கள்.

மாலை ஐந்தே முக்காலுக்குக் கிளம்பினேன். மனைவியும் மகளும் காரில் ஏறிவிட்டார்கள். தணிகை விரலில் கட்டோடு என் பக்கத்து ஜன்னலருகே வந்து நின்றார். ஏதோ கேட்க வந்தவர், முதலில் டயரைக் காலால் தட்டிப் பார்த்தார். பிறகு பின்னால் இருப்பவர்களுக்குக் கேட்காதபடி குனிந்தார்.

"சகல, கொயந்த எய்ந்து நின்னப்போ மூஞ்சி எப்டி இருந்துச்சு? நான் திரும்பவே முடில. நாலு மாசமா இஸ்துகினு சுத்தறேன், ஒருவாட்டி கூட பாத்ததில்ல. கை கிய் எதுனா காட்டுனாளா?"

அந்தக் குரலை எனக்கு நன்றாகத் தெரியும். நான்கு மாதங்களாக மகளைப் பற்றி நான் என் மனைவியிடம் விசாரித்த குரல் அது.

"வேகத்தைக் கூட்டச் சொன்னாள்," என்றேன். "நீங்கள் கூட்டினீர்கள். சரியாக ஓட்டினீர்கள்."

அவர் இன்னும் ஏதாவது வரும் என்று சற்று நேரம் நின்றார். நான் காரை எடுத்தேன். பென்னலூர் வரை இருபத்துநான்கு கிலோமீட்டர், முக்கால் மணி நேரம். இந்த முறை நேர்வழியில் வந்தோம்.